கடற்காற்று வராத ஞாயிறு

கும்மிடிப்பூண்டி
மார்ச் 22

அன்புள்ள விக்டோரியா அத்தைக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நான், அப்பா, அம்மா மூவரும் சுகம். அம்மாவின் முட்டி மட்டும் சுகமில்லை. அதை எழுதினால் நீங்கள் மாத்திரை அனுப்புவீர்கள், எழுதாதே என்றாள். அதனால் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுகமா? சுகாதார நிலையத்தில் கூட்டம் அதிகமா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பாத்திரம் துலக்குகிறாள். நாம் பேசுவது எதிர்வீட்டு அப்பாவு தாத்தா வரை கேட்கிறது. போன வாரம் நீங்கள் இருமியதற்கு அவர் கஷாயம் சொல்லி அனுப்பினார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் எனக்கு ரகசியமாகக் கேட்க இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி. இப்போதே வெயில் இப்படி என்றால் மே மாதம் என்ன ஆகும்? பாடப்புத்தகத்தில் கடற்காற்று, நிலக்காற்று என்று அரைப்பக்கம் இருக்கிறது. வெப்ப அலை ஏன் வருகிறது என்று இல்லை. ஒரே மாவட்டத்தில் எங்களுக்கு ஒரு வெயில், உங்கள் ஆர்.கே.பேட்டைக்கு வேறு வெயில் ஏன் என்றும் இல்லை. டீச்சரைக் கேட்டால், "பரீட்சைக்கு வராது, வுடு" என்கிறார்.

இரண்டாவது கேள்வி. அப்பா உங்களுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். பெயர் எபினேசர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அப்பா அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த ஆர்.கே.பேட்டையில இன்னா கீது? வெயிலு, பாறை, மறுபடி வெயிலு. மூணு வருசமா அங்க வெந்துக்கினு கீறா. காட்டுப்பள்ளின்னா மத்தியானம் ஆச்சுன்னா கடக்காத்து வந்துடும். என் தங்கச்சி இனிமே குளிர்ச்சியா இருக்கணும்."

உங்களுக்குச் சம்மதமா அத்தை? எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

பதிலை எதிர்பார்த்து வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்,
சுகிர்தா


ஆர்.கே.பேட்டை
ஏப்ரல் 3

அன்புள்ள சுகிக்கு,

அத்தையின் முத்தங்கள். நான் நலம். இருமல் போய்விட்டது, அப்பாவு ஐயாவின் கஷாயத்தால் அல்ல என்று அவரிடம் சொல்லாதே. அண்ணியின் முட்டிக்கு மாத்திரை தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நல்ல கேள்வி கேட்டாய். எனக்குப் பதில் தெரியாது. ஆனால் இங்கே மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஸ்டீவன் சார் காலில் ஆணி குத்தி ஊசி போட வந்தார். ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவரிடம் உன் கேள்வியைக் கேட்டேன். பயத்தை மறந்துவிட்டார். நான் ஊசி போட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் போனார்.

அவர் சொன்னது இது. கோடையில் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் காற்றழுத்தம் சில சமயம் கூடிவிடும். அப்போது மேலே இருக்கும் காற்று மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இறங்க இறங்க அமுங்கும். அமுங்கும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதுபோல. அப்படி இறங்குகிற காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தரையின் சூடு மேலே போக முடியாது. மேகமும் கூடாது. மேகம் இல்லை என்றால் வெயிலுக்குத் தடையும் இல்லை. நாளுக்கு நாள் சூடு சேர்ந்துகொண்டே போகும். அதுதான் வெப்ப அலை.

கடலோரத்தில் உள்ளவர்களுக்கு மத்தியானம் கடற்காற்று வந்து காப்பாற்றிவிடுமாம். எங்களை வந்து சேர அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். பாதி நாள் வந்தே சேராது. படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம் ஆகிவிட்டது, கை வலிக்கிறது.

நன்றாகச் சாப்பிடு. வெயிலில் சுற்றாதே.

அன்புடன்,
அத்தை


கும்மிடிப்பூண்டி
ஏப்ரல் 12

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். எல்லோரும் சுகம், அப்பாவின் சைக்கிளைத் தவிர. சார் சொன்னது உண்மையா என்று பார்க்கப் பம்பை அடித்தேன். அடிப்பக்கம் சுட்டது. மகிழ்ச்சியில் இன்னும் அடித்தேன். டயர் வெடித்துவிட்டது. அப்பா ஷிப்டுக்கு நடந்து போனார். "இன்னாடி படிப்பு இது, டயரு வெடிக்கிற படிப்பு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

படம் மிக அழகு. ஆனால் அத்தை, நீங்கள் எனக்கு ஒன்றாம் வகுப்பில் வரைந்து தந்த கோழி தண்ணீர்க் குடம் மாதிரி இருந்தது. இந்தப் படத்தில் அம்புகள் எல்லாம் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்கின்றன. ஆர்.கே.பேட்டையில் உங்கள் கை நன்றாகத் தேறியிருக்கிறது.

சார் சொன்னதில் ஒன்று தப்பு. அவரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் மாடியிலிருந்து சிப்காட் புகைபோக்கிகள் தெரியும். காலையில் புகை கடல் பக்கம் சாயும். மத்தியானம் கடற்காற்று வந்ததும் திரும்பி உங்கள் பக்கம் சாயும். விடுமுறை நாட்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எல்லா நாளும் புகை திரும்புவதில்லை! சில நாள் மாலை வரை கடல் பக்கமே சாய்ந்து கிடக்கிறது. அன்றைக்கெல்லாம் வீட்டுச் சுவர் ராத்திரியும் சுடுகிறது. கடலோரத்துக்கும் காப்பு கிடையாது. ஏன்?

மாப்பிள்ளையின் போட்டோ வந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு ரோஜாச் செடிப் பக்கத்தில் நிற்கிறார். நல்லவராகத்தான் தெரிகிறார். அம்மா போட்டோவை பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். நான் இரண்டு கேள்வி கேட்டேன் அத்தை. ஒன்றுக்கு மூன்று பக்கம் வந்தது. இன்னொன்றுக்கு ஒரு வரிகூட வரவில்லை.

வெயிலில் சுற்றாத,
சுகிர்தா


ஆர்.கே.பேட்டை
ஏப்ரல் 24

அன்புள்ள சுகிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே தினமும் வெயிலில் மயங்கியவர்களைக் கொண்டுவருகிறார்கள். விசைத்தறிக் கூடங்களை மத்தியானத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சத்தம் நின்றதும் ஊரே காது அடைத்துக்கொண்டது போல் ஆகிவிடுகிறது.

உன் புகைபோக்கியைப் பற்றி ஸ்டீவன் சாரிடம் சொன்னேன். "தப்பு என்னுதுதான். அந்தப் பொண்ணு சொல்றதுதான் கரெக்ட்டு" என்று ஒப்புக்கொண்டார். வகுப்பிலும் போய்ச் சொன்னாராம். காரணம் இதுதான். மேற்கிலிருந்து தரைக்காற்று ஒன்று வருகிறது. மழை காணாத காய்ந்த நிலத்தின் மேல் நாள் முழுக்க வருகிற காற்று அது. ஈர மண் என்றால் வெயிலின் பாதிச் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். காய்ந்த மண்ணில் எல்லாச் சூடும் காற்றுக்கே போகிறது. அந்தக் காற்று மலைகளைத் தாண்டி நம் சமவெளிக்கு இறங்கும்போது அமுங்கி இன்னும் சுடும். கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரப் பார்க்கும், மேற்கிலிருந்து இது வெளியே தள்ளப் பார்க்கும். இந்த மேற்குக் காற்றை மேல்காற்று என்பார்கள், அது பலமாக இருந்தால் கடற்காற்று கரையிலேயே நின்றுவிடும். புகை திரும்பாத நாள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மாலையில் மலையடிவாரம் வரை நடந்தேன். கடற்காற்று வருகிறதா என்று பார்க்கப் பாறை மேல் உட்கார்ந்தோம். இருட்டும் நேரத்தில் வந்தது. மாமரத்தில் முதலில் உச்சி இலைகள் மட்டும் ஆடின. பிறகு மரம் முழுக்க ஆடியது. உன் ஊரிலிருந்து வருகிற காற்று, சுகி! யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

அண்ணனிடம் என் அன்பைச் சொல். மோர் நிறையக் குடி.

அன்புடன்,
அத்தை


கும்மிடிப்பூண்டி
மே 9

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். சுகம். மோர் குடிக்கிறேன். இதை அவசரமாக எழுதுகிறேன்.

நாள் குறித்தாகிவிட்டது. அப்பா போனில் சொல்லியிருப்பார். வருகிற இருபத்தைந்தாம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எபினேசர் வீட்டார் உங்களைப் பார்க்க இங்கே வருகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து உபவாச நாட்களில் நம் ஆட்கள் பெண் பார்ப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுகிறார்கள். அதனால்தான் நம் வீட்டு விசேஷமெல்லாம் வெயிலிலேயே வந்து விழுகிறது என்று கண்டுபிடித்தேன். அப்பாவிடம் சொன்னேன். "ஆண்டவருக்கே வெயிலப் பத்திப் பாடம் எடு" என்றார்.

வீட்டுக்குள் பத்துப் பேர் உட்கார முடியாது. அதனால் மொட்டைமாடியில் ஷாமியானா போடப்போகிறார். "ஒரு மணிக்குக் கடக்காத்து வரும். சும்மா ஏசி மாதிரி இருக்கும். இந்தப் பக்கத்துக் காத்து எப்படின்னு விக்கியும் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கட்டும்" என்கிறார்.

வங்காள விரிகுடாவில் புயல் ஒன்று கிளம்பும் என்று செய்தியில் சொன்னார்கள். தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். புயல் வந்தால் குளிர்ந்துவிடும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சரியா?

அத்தை, இந்த முறையாவது சொல்லுங்கள். நீங்கள் சரி என்று சொன்னால் நான் சந்தோஷமாகப் பூக்கட்டுவேன். வேண்டாம் என்றால் எப்படி உதவுவது என்று யோசிப்பேன். எதுவுமே சொல்லாமல் இருந்தால் நான் என்ன செய்வது?

உங்கள்,
சுகிர்தா


ஆர்.கே.பேட்டை
மே 17

அன்புள்ள சுகிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நேரம் குறைவு, அதனால் புயலைப் பற்றி மட்டும்.

புயல் நம் மேல் வந்தால்தான் மழை. வடக்கே ஒடிசா, வங்காளம் பக்கம் போனால் கதை வேறு. புயல் ஒரு பெரிய சக்கரம் மாதிரி சுற்றும். நாம் அதற்குத் தென்மேற்கில் இருப்போம். அது தன்னைச் சுற்றி இழுக்கிற காற்று நமக்கு மேற்கிலிருந்து, தரை வழியாக வரும். ஈரத்தையெல்லாம் புயல் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். மேல்காற்று வலுத்துக் கடற்காற்றை உள்ளேயே விடாது. கோடையின் மிக மோசமான வெயில் அப்படிப்பட்ட நாட்களில்தான் வருமாம். இந்தப் புயல் வடக்கே போகும் என்றுதான் சொல்கிறார்கள்.

இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து சேர்வேன். அண்ணி வாங்கி வைத்த புடவையையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்.

அன்புடன்,
அத்தை


கும்மிடிப்பூண்டி
மே 27

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா? இங்கே எல்லோரும் சுகம், ஆனால் அப்பா யாருடனும் பேசுவதில்லை.

நீங்கள் கீழே சமையலறையில் இருந்தபோது மாடியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேர் வந்தார்கள். எபினேசர் போட்டோவில் இருந்த அதே கோட்டுடன் வந்தார். ஷாமியானாத் துணி மேல்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அது காற்றே இல்லை அத்தை, அப்பாவின் தொழிற்சாலை உலைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. புகைபோக்கியைப் பார்த்தேன். புகை கடலைப் பார்த்து நீட்டிப் படுத்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, "இன்னா சம்பந்தி, காத்தாட குந்தலாம்னு மேல கூட்டினு வந்தீங்க, அடுப்பு மேல குந்த வெச்சிட்டீங்களே" என்றார்.

"தோ வந்துடும்மா. ஒரு மணிக்கு வந்துடும்" என்றார் அப்பா.

ஒரு மணியும் தாண்டியது. "இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு" என்றார்.

"லேட்டா வர்றதுக்கு அது இன்னா மாதவரம் பஸ்ஸா?" என்று அவர்கள் வீட்டு மாமா ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கடல் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார், வரச் சொல்லி ஆளை அனுப்பியவர் மாதிரி.

அப்போதுதான் எபினேசர் நாற்காலியோடு சாய்ந்தார். நான் கத்தினேன். அதன்பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். காபித் தட்டோடு தலைகுனிந்து வர வேண்டிய நீங்கள் புடவையைச் செருகிக்கொண்டு மூன்று மூன்று படியாக ஏறி வந்தீர்கள். "கோட்டக் கழட்டுங்க. இன்னாத்துக்கு இத்தப் போட்டுக்கினு வந்தீங்க?" என்று அதட்டினீர்கள். "எங்கம்மா போடச் சொன்னாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார், பாவம். கீழே நிழலுக்குக் கொண்டுபோய், காலைத் தூக்கி வைத்து, ஈரத்துண்டு போட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளையின் அம்மா உங்கள் தலையைத் தடவி, "பொண்ணுன்னா இதுதான்டா பொண்ணு" என்றார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் எபினேசர் எழுந்து உட்கார்ந்ததும், "உங்க ஊர்ல இதவிட ஜாஸ்தியாமே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். நீங்கள் சொல்ல ஆரம்பித்தீர்கள். பாறை, மாமரம், தறிச் சத்தம் நிற்பது, இருட்டும் நேரத்தில் காற்று வருவது. தம்ளர் உங்கள் கையிலேயே இருந்தது. அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டீர்கள்.

போகும்போது அவர் அப்பாவைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னதை நான் கேட்டேன்: "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அந்த ஊரப் பத்திப் பேசும்போது அவங்க மூஞ்சியப் பாத்தீங்களா? காட்டுப்பள்ளிக்கு வந்தா அந்த மூஞ்சி வராது. அவங்களையே கேளுங்க. கேக்காம பண்ணாதீங்க."

அப்பா உங்களைக் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர்தான்.

இப்போது நான் கேட்கிறேன். சனிக்கிழமை வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் அப்பா எல்லோர் முன்பும், "நாளைக்குக் காத்து வராதுன்னு இந்த வாலு சொல்லிக்கினு கீது. நீ சொல்லு விக்கி, வருமா வராதா?" என்றார். மூன்று பக்கம் காற்றைப் பற்றி எழுதிய நீங்கள், "நான் ஊசி போடறவண்ணா, காத்தப் பத்தி எனக்கின்னா தெரியும்?" என்றீர்கள். நான் உங்களையே பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

ஏன் அத்தை?

சுகிர்தா


ஆர்.கே.பேட்டை
ஜூன் 16

அன்புள்ள சுகிக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று காற்று வராது என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா அம்மா போனபின் என்னை வளர்த்தவர் அண்ணன். அவர் எனக்கென்று ஒன்றைச் செய்யும்போது 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நான் சொல்லாததை மேல்காற்று சொல்லட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். எபினேசர் சாய்ந்ததும்தான், என் வாயை மூடிக்கொண்டு அடுத்தவரை வெயிலில் உட்கார வைத்துவிட்டேன் என்று புரிந்தது. அவரிடம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "ஒருநாள் மயக்கம் பரவால்லைங்க. கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சிருந்தா எந்திரிச்சே இருக்க மாட்டேன்" என்று சிரித்தார்.

இனி வாயைத் திறந்து சொல்கிறேன். எபினேசர் நல்லவர், ஆனால் எனக்குச் சம்மதமில்லை. ஸ்டீவன் என்னைக் கேட்டு இரண்டு மாதமாகிறது. அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை. இவரைக் கட்டிக்கொண்டால் நான் இங்கேயே இருப்பேன். அண்ணன் எதிலிருந்து என்னைக் காப்பாற்ற நினைக்கிறாரோ, அதே வெயிலில். அதனால்தான் பயம்.

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டு. போன் வேண்டாம், அவர் குரல் கேட்டால் நான் மறுபடி மாற்றிப் பேசிவிடுவேன். ஒன்று மட்டும் கேள். அவர் இருபது வருடமாக உலைக்கு முன்னால் நிற்கிறார். அதைவிடச் சூடான இடம் இந்த மாவட்டத்தில் எது? அங்கிருந்து வந்துவிடு என்று நாங்கள் யாராவது சொன்னோமா? அவர் வேலை அங்கே இருக்கிறது, அவர் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். எனக்கும் இங்கே அப்படித்தான்.

அண்ணன் வேண்டாம் என்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை சுகி. அதையும் படித்துவிடு.

அன்புடன்,
அத்தை


கும்மிடிப்பூண்டி
ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் பதறிக்கொண்டு பிரித்திருப்பீர்கள் என்பதால் சுகம் விசாரிப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். எல்லோரும் சுகம்.

அப்பா காலை ஷிப்டு முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்டதும், உங்கள் கடிதத்தைப் படிக்கிறேன் என்றேன். "போன்ல சொல்ல மாட்டாளாமா?" என்றார். படித்தேன். உலை வரும் இடத்துக்கு வந்தேன். அப்பா தன் முன்கையைப் பார்த்துக்கொண்டார், தீப்பொறி பட்ட தழும்புகள் இருக்குமே, அங்கே.

"இன்னொரு தபா படி" என்றார். படித்தேன்.

"எவ்ளோ நாளா நடக்குது இது? யாருக்காச்சும் தெரியுமா?"

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "எனக்கு ஏப்ரல்லயே தெரியும்" என்றாள். "காத்தப் பத்தி எவளாச்சும் மூணு பக்கம் எழுதுவாளா?"

"சொல்றதுக்கு இன்னா?"

"கேட்டியா நீ? மாப்ள பாத்த, நாள் குறிச்ச, பந்தல் போட்ட. யாரக் கேட்ட?"

அப்பா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நானும் கொஞ்ச நேரம் கழித்துப் போனேன். ஷாமியானாக் கயிறு கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் ஊசிக்குப் பயந்த கதையை நான் ஏப்ரலிலேயே வீட்டில் சொல்லிச் சிரித்திருந்தேன். திரும்பாமலேயே பேசினார். "அந்தப் பையன் ஊசிக்குப் பயப்படுவானாமே?"

"ஆமாம்பா. ஆனா தப்புன்னா தப்புன்னு ஒத்துக்குவாரு. என்கிட்டயே ஒத்துக்கினாரு."

"அப்டியா?" என்றார். மேற்கே, உங்கள் ஊர் இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு, "எம்மாம் வெயில் தெரியுமா சுகி அங்க? ஒருதபா போயிட்டு வந்து ரெண்டு நாள் தலைவலி எனக்கு. அத்த நெனச்சாதான் பேஜாரா கீது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வியர்வை என்றார். எனக்கும் வியர்த்தது.

கீழே வந்ததும் பேனாவை எடுக்கச் சொன்னார். "நான் சொல்றத எழுது" என்றார். நான் தயாராக உட்கார்ந்தேன். "அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் யேசுதாஸ் எழுதிக்கொண்டது" என்றார். அதோடு நின்றுவிட்டது. தொழிற்சாலை கேட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அப்பா எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். நான் பார்க்கக் கூடாதாம். அடியில் இருப்பது அவர் எழுத்து. நான் பார்த்துவிட்டேன்.

உங்கள்,
சுகிர்தா

விக்கி அந்த பையன்கிட்ட சரின்னு சொல்லு. நீ அங்கியே இரு. நாங்க வரோம்.
அண்ணன்